காருக்குள் ஒரு கோழிக்குஞ்சு
மன்னாரில் பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு, பள்ளிமுனை, மன்னார் நகர் என்று தீவுக்குள்ளும், பாலம் கடந்தால் வங்காலை, நானாட்டான், முருங்கன், சிலாவத்துறை என்று பெருநிலத்திலும் ஒரு பழைய காரை வைத்துப் பராமரித்துவரும் குடும்பத்தவர்களே,

நான் மெக்கானிக் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பிள்ளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று வருடக்கணக்காகப் பெற்றோர் கூட்டங்களில் பேசியவன். அந்த நான் என் பேத்தி சொன்ன ஒன்றைக் கேட்காமல் விட்டதால் இந்த மடலை எழுத வேண்டியிருக்கிறது.

மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குப் புறப்பட்ட ஒரு காலை. காரை ஸ்ராட் பண்ணியதும் பின் சீற்றிலிருந்து அவள் சொன்னாள்: "அப்பப்பா, காருக்குள்ள கோழிக்குஞ்சு கத்துது." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளைச் சமாதானப்படுத்தப் பொனற்றைத் திறந்து காட்டினேன். குஞ்சும் இல்லை, கூடும் இல்லை. ரேடியோவைக் கூட்டிவிட்டுப் புறப்பட்டோம். முருங்கன் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் 'பட்' என்று ஒரு சத்தம். பற்றரி விளக்கு சிவந்தது. ஸ்ரியரிங் கல்லாய் இறுகியது. வெப்பம் காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. நிறுத்திப் பார்த்தால் ஃபான் பெல்ற் கறுத்த சாரைப்பாம்பு போல அறுந்து கிடக்கிறது. பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கும் சிறு கப்பியின் பேரிங் காய்ந்து, ஆடி, பெல்ற்றின் ஓரத்தைத் தின்று முடித்திருக்கிறது. கத்திய குஞ்சு அதுதான். கார் அங்கேயே நின்றது. பேத்தி மடுவுக்கு உழவு மெசினில் போய் இறங்கினாள். அவளுக்கு அதுவே பெரிய திருவிழா.

வயது ஏற ஏற மனிதக் காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை. எனக்குக் கேட்காதது அவளுக்குக் கேட்டதில் அதிசயம் இல்லை. கேட்டவள் சொன்ன பிறகும் நான் ரேடியோவைக் கூட்டியதுதான் குற்றம்.

உங்களில் பலரும் என்னைப்போலத்தான் என்று எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்தாலும், வரியும் சேர்ந்த விலையைக் கேட்டுவிட்டுப் பழைய காரையே துடைத்து வைத்துக்கொண்டவர்கள்தான் நாங்கள். இந்தக் கார்கள் இன்னும் பல வருடம் ஓட வேண்டும். ஓடுவதற்குக் காசைவிட முதலில் தேவைப்படுவது காது.

அறுந்த பெல்ற்றோடு நான் போய் நின்றது ஒரு வயதான மெக்கானிக்கின் பனையோலைக் கொட்டிலில். பெல்ற் வேலை முடிந்ததும் வேறொரு மனக்குறையையும் சொன்னேன். காலையில் ஸ்ராட் பண்ணும்போது 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். அதற்கு முன்பு போன ஒரு கராஜில் இரண்டு தடவை வால்வைத் தட்டும் ரப்பெற்றை இறுக்கிக் காசு வாங்கிவிட்டு, இனி எஞ்சின் ஹெட் இறக்கினால்தான் சரிவரும் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஐயா, கார் சத்தம் போடுது."

"எப்ப?"

"எப்பவும்தான்."

"எப்பவும் போடுற சத்தமெண்டால் உங்கட கார் இஞ்ச வந்து சேர்ந்திருக்காது மாஸ்ரர். எப்ப?"

யோசித்துப் பார்த்தேன். காலையில் முதல் ஐந்து பத்து நிமிடம். பெற்றோல் மிதித்தால் கூடும். எஞ்சின் சூடாகியதும் நின்றுவிடும். அவர் காரைத் தொடவில்லை. "நாளைக்கு விடிய, எஞ்சின் குளிர்ந்திருக்கேக்க வாறன்" என்றார். வந்தவர், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மனிஃபோல்ட் பொருந்தியிருக்கும் இடத்தில் ரோர்ச் அடித்துக் காட்டினார். கரி படிந்து ஒரு கோடு. காஸ்கெட் ஓரத்தில் எரிந்துபோயிருந்தது. குளிரில் அந்த இடுக்கால் புகை சீறும்போது 'டிக் டிக்'. சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கு மூடிக்கொள்ளும்போது சத்தமும் மூடிக்கொள்ளும். ஒரு காஸ்கெட், துருப்பிடித்த இரண்டு நட். அவ்வளவுதான். ஹெட் அதன் இடத்திலேயே இருந்தது.

அன்றுமுதல் நான் 'எங்கே' என்று தேடுவதை விட்டுவிட்டேன். இரும்புக்குள் ஒலி ஓடித் திரியும். இடதில் பிறந்து வலதில் கேட்கும். பிறந்த இடத்தை மறைக்கலாம், பிறந்த நேரத்தை அதால் மறைக்க முடியாது. நீங்களும் நேரத்தைப் பிடியுங்கள்.

முதலில் பிரித்தறிய வேண்டியது, சத்தம் எஞ்சினுடையதா, சக்கரத்துடையதா என்பது. காரை நிறுத்தி, நியூற்றலில் போட்டு, மெதுவாகப் பெற்றோல் மிதியுங்கள். சத்தம் வந்து, மிதிக்கு ஏற்றபடி வேகமாகினால் எஞ்சின் பக்கம். நிற்கும்போது இல்லாமல் ஓடும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் சக்கரம், பிரேக், பேரிங் பக்கம். எங்கள் மணல் ஒழுங்கைகளில் ஒரு சின்னக் கல் பிரேக் தட்டுக்கும் அதன் தகட்டுக்கும் இடையில் புகுந்துகொண்டு, எஞ்சினே உடைந்துபோனது போலக் கூச்சல் போடும். அதற்குப் போய் எஞ்சினைத் திறந்துவிடாதீர்கள்.

குளிரில் மட்டும் வந்து சூட்டில் மறையும் 'டிக்' என் காரில் வந்தது போன்ற புகைக் கசிவாக இருக்கலாம். குளிரிலும் சூட்டிலும் ஒரே தாளத்தில் தையல் மெசின் போல ஓடும் 'டிக்' வால்வுகளின் இடைவெளி கூடிய அடையாளமாக இருக்கலாம். எதுவானாலும் முதலில் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிப்பாட்டி ஐந்து நிமிடம் விட்டு, கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். ஒயில் குறைந்த எஞ்சினில் மேலே இருக்கும் உறுப்புகள்தான் முதலில் தாகத்துக்கு அழும். ஸ்ராட் பண்ணிய முதல் இரண்டு மூன்று விநாடி மட்டும் சங்கிலி உரசும் ஒலி வந்து நின்றால், அது ரைமிங் செயினையும் அதை இறுக்கும் உறுப்பையும் பார்க்கச் சொல்லும் செய்தி. அதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

ஏசி போடும்போது அல்லது ஸ்ரியரிங்கை முழுக்கத் திருப்பும்போது 'கிறீச்' என்று வந்தால் பெல்ற் வழுக்குகிறது. சின்னச் சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது, எட்ட நின்று, பெல்ற்றின் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அடங்கிச் சற்று நேரத்தில் திரும்பி வந்தால், கப்பிகள் நேர்கோட்டில் இல்லாமல் பெல்ற் கோணலாக ஓடுகிறது. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ற் தளர்ந்துவிட்டது. இதைச் செய்யும்போது சேலை முந்தானை, சால்வை, நீளக் கூந்தல் எதுவும் கிட்டப் போகக்கூடாது. எஞ்சினை நிப்பாட்டிய பிறகும் ரேடியேற்றர் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏசியோடும் ஸ்ரியரிங்கோடும் சம்பந்தமில்லாமல் தேனீக் கூடு போல எப்போதும் உறுமினால் ஏதோ ஒரு பேரிங். எது என்று அறிய, அந்த மெக்கானிக் ஒரு நீள ஸ்குறூ டிறைவரின் நுனியைச் சுற்றாத உறைப்பகுதியில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்கிறார். 1816இல் பிரான்சிய மருத்துவர் லென்னெக் ஒரு கடதாசியைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்ரெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான். வைத்தியம் ஒன்றுதான், நோயாளிதான் வேறு. உங்களுக்கு இதில் பழக்கமில்லை என்றால், கேட்கும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஓட்டோ கியர் கார் கியரில் நிற்கும்போது முழுவதும் நடுங்கிக் 'கட கட' என்று சத்தம் போட்டு, நியூற்றலுக்கு வந்ததும் அடங்கினால், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் இறப்பரைப் பாருங்கள். குலுங்கும் இடங்களில் அடியிலிருந்து தகரம் சலசலத்தால் பெரும்பாலும் சைலன்சருக்கு மேலுள்ள வெப்பத் தகடு. அதைப் பிடித்த ஆணி துருவில் போயிருக்கும். குழாய்க்குப் போடும் ஒரு கிளிப் போதும்.

அடுத்தது பாரம் ஏறும்போது வரும் சத்தம். இங்கே கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வடக்கை நெரித்தபோது பெற்றோல் மருந்துக்கும் கிடையாது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டுப் பற்றவைத்து, சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெல்லாம் அந்தக் கார்களின் எஞ்சின் 'கிணுகிணு' என்று சில்லறை குலுக்கும். காரணம் இதுதான்: பிளக்கின் தீப்பொறி பற்றவைத்த நெருப்பு பரவி முடிவதற்கு முன்பே, மூலையில் நெரிபட்டுக் கிடக்கும் கலவை தானாக வெடித்துவிடும். அப்படித் தானாக வெடிப்பதை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வதுதான் ஒக்ரேன் எண். நாங்கள் வழக்கமாக அடிக்கும் பெற்றோலுக்கு அது 92. மண்ணெண்ணெய்க்கு மிகவும் தாழ்வு. அந்தப் பழைய எஞ்சின்கள் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான் நெரித்தன. ஆகவே தாங்கின. இப்போதைய சிறு கார்கள் பத்தில் ஒரு பங்கு, பதினொன்றில் ஒரு பங்கு என்று நெரிப்பவை. அதே விளையாட்டை இவை தாங்கா. மண்ணெண்ணெய் இன்னொன்றும் செய்தது. எரியாமல் மிஞ்சியது கீழே இறங்கி ஒயிலை நீராக்கியது. பேரிங்குகள் தேய்ந்து 'டொக் டொக்' என்று தட்டத் தொடங்கின. உதிரிப்பாகமும் கிடையாது. ஆகவே எது இன்னும் ஓடும், எது இன்றே நிற்கும் என்று சத்தத்தை வைத்தே தீர்ப்புச் சொல்லப் பழகிய ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் அந்தக் காலத்தில் உருவானார்கள். பனையோலைக் கொட்டில்காரர் அவர்களில் ஒருவர். இன்று கணினி வயரைச் செருகிக் குறை பார்க்கலாம், அது நல்லது. ஆனால் ஆணி கழன்ற தகட்டையும் கோணல் கப்பியையும் கணினி காட்டாது.

இனி எங்கள் ஊரின் குணம். மன்னாரில் ஏற்றம் என்றால் வீதி மதகுதான். ஆகவே எஞ்சினுக்குப் பாரம் கொடுக்கும் பரீட்சை இங்கே நடப்பதே இல்லை. குடும்பம் முழுவதையும், பொதியையும், பனங்கிழங்கையும் கருவாட்டையும் ஏற்றிக்கொண்டு மாத்தளை தாண்டிக் கண்டி ஏறும்போதுதான் அந்தக் 'கிணுகிணு' முதன்முதலாகக் கேட்கும். கேட்டால் மிதியைக் குறைத்துக் கீழ்க் கியருக்கு மாற்றுங்கள். வெப்ப முள்ளைப் பாருங்கள். திரும்பி வந்ததும் பிளக், கூலன்ற் தண்ணீர், படிந்த கரி, பற்றவைக்கும் நேரம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊருக்குள் எங்கள் ஓட்டம் குறுகியது. பள்ளிமுனையிலிருந்து பட்டினம், பட்டினத்திலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து கோயில். எஞ்சினும் ஒயிலும் ஒழுங்காகச் சூடாகும் முன் நிப்பாட்டிவிடுகிறோம். எரியும்போது பிறந்த நீர் சைலன்சருக்குள்ளேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கிறது. உப்பளக் காற்று வெளியிலிருந்து அரிக்கிறது. ஒயிலிலும் ஈரம் சேருகிறது. ஆகவே ஒயிலுக்குக் கிலோமீற்றர் கணக்கு மட்டும் பார்க்காதீர்கள். மாதக் கணக்கும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினால் நட்டமில்லை. சோளகக் காற்று வீசும் காலத்தில் மணல் எங்கும் பறக்கும். தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் சுற்றத் தொடங்கிய முப்பது காற்றாலைகளுக்கு அந்தக் காற்று வரம். எங்கள் கார்களின் எயார் ஃபில்ற்றருக்கும் பெல்ற்றுக்கும் அது நோய். சோளகம் முடிந்ததும் இரண்டையும் கழற்றிப் பாருங்கள்.

அதே காற்று இன்னொரு வேலையும் செய்கிறது: சத்தத்தை மறைக்கிறது. 1990இல் தகர்க்கப்பட்டு, 2010இல் புதிதாகத் திறக்கப்பட்ட எங்கள் பாலத்திலும் அதைத் தொடரும் தாம்போதியிலும் போகும்போது, இரு பக்கமும் வெறும் கடலேரி. ஒலி பட்டுத் திரும்ப ஒரு சுவர் கிடையாது. பக்கக் காற்று கதவில் அறைந்துகொண்டிருக்கும். அங்கே எந்தக் காரும் புதுக் கார்தான். காரைக் கேட்க வேண்டுமானால், காற்று விழுந்த ஒரு மாலையில், ஒரு நீண்ட மதிலை ஒட்டி, கண்ணாடியை இறக்கி, ரேடியோவையும் ஏசியையும் நிப்பாட்டி, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மதில் உங்கள் காரின் குறையை உங்களுக்கே திருப்பிச் சொல்லும். வீதியில் நிற்கும் கழுதைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு ஹோனும் கேட்பதில்லை, எஞ்சினும் கேட்பதில்லை.

சில சத்தங்களுக்கு யோசிக்க நேரம் கிடையாது. அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று தட்டி, மிதிக்க மிதிக்கக் கூடினால், அது கொனெக்ரிங் றொட் பேரிங்காக இருக்கலாம். ஒயில் விளக்கும் எரிந்தால் சந்தேகமே வேண்டாம். வீடு இன்னும் இரண்டு கட்டைதானே என்று ஓட்டாதீர்கள். அந்த இரண்டு கட்டையில் பேரிங் செலவு எஞ்சின் செலவாகிவிடும். நிப்பாட்டி, இழுத்துக்கொண்டு போங்கள். பெல்ற் அறுந்து வெப்ப முள் ஏறினாலும் அப்படித்தான். சூட்டோடு ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

புகைக் குழாயின் 'டப டப' சத்தத்தைப் பலர் வீரமாக எடுத்துக்கொள்கிறார்கள். எஞ்சினுக்குக் கிட்ட ஓட்டை விழுந்தால் மணமில்லாத காபன் மொனொக்சைட்டு காருக்குள் வரும். மடுக் காட்டில், திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரி இரவில், பிள்ளைகளைக் காருக்குள் படுக்கவைத்து ஏசியைப் போட்டு எஞ்சினை ஓடவிடுகிறவர்கள் தயவுசெய்து அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். புகைக் கசிவுள்ள காரில் அந்தத் தூக்கம் கலையாமலே போகலாம். சத்தம் இல்லாத காரிலும் செய்ய வேண்டாம்.

சத்தமே போடாமல் கழுத்தை அறுப்பவரும் ஒருவர் உண்டு: ரைமிங் பெல்ற். உங்கள் எஞ்சினில் இருப்பது பெல்ற்றா செயினா என்று கேட்டு வையுங்கள். பெல்ற் என்றால் பல கார்களுக்கு 100,000 கிலோமீற்றரோடு அதன் ஆயுள் முடிகிறது. அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்ரனும் மோதிக்கொள்ளும். பாவித்த காராக வாங்கியவர்களுக்கு முன்சொந்தக்காரர் மாற்றினாரா என்று தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

கராஜுக்குப் போகும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். "ரப்பெற் சத்தம்" என்று நீங்கள் சொன்னால் ரப்பெற்றுக்கு வேலை நடக்கும். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். காலையில் மட்டும் வரும் சத்தத்தை மத்தியானம் கொண்டுபோனால் காட்ட முடியாது. ஃபோனில் பதிந்து கொண்டுபோங்கள், அல்லது முதல் நாள் மாலையே காரை விட்டுவிட்டு வாருங்கள். ஓடும்போது வரும் சத்தமானால் மெக்கானிக்கைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டுங்கள். ஒரே நாளில் நாலு சாமானை மாற்ற விடாதீர்கள். மாற்றினால் எது குணமாக்கியது என்று யாருக்கும் தெரியாமல் போகும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக் கையில் சுற்றிப் பாருங்கள். அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாமல் காட்டுகிற கராஜ் நல்ல கராஜ்.

அடுத்த ஆவணிக்கு நாங்கள் மறுபடி மடுவுக்குப் போவோம். புறப்படும் முதல் நாள் மாலை, பள்ளிக்கூட மதிலோரமாக நானும் பேத்தியும் ஒரு சுற்று வருவதென்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம். ஓட்டுவது என் வேலை, கேட்பது அவள் வேலை. அவளுக்கு இதில் ஒரேயொரு வருத்தம்: காரில் குறை இல்லாவிட்டால் உழவு மெசினில் ஏற முடியாதாம்.

அன்புடன்,
தீவுக்குள் பழைய கார் ஓட்டும் ஓர் அப்பப்பா